லைஃப்டைம் வாரண்டி: அமெரிக்காவில் கார் பார்ட்ஸ் கடைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

என் பழைய டொயோட்டா காம்ரிக்கு ஒன்றரை வருடத்தில் மூன்று ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகம்) மாற்றினேன். முதலாவதை 165 டாலருக்கு வாங்கினேன். அதற்கு லைஃப்டைம் வாரண்டி என்று ரசீதிலேயே அச்சிட்டிருந்தது. அது போனபோது இரண்டாவதையும், அதுவும் போனபோது மூன்றாவதையும் கடையில் ஒரு காசு வாங்காமல் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட மெக்கானிக்குக் கூலி 140 டாலர். நடுவழியில் நின்ற வண்டியை இரண்டு முறை இழுத்துவர ஆன செலவு தனி. கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கிய பாகத்தைவிட இலவசமாக வந்த பாகங்களுக்குத்தான் அதிகம் செலவாகியிருந்தது.

வேலைக்கோ படிப்புக்கோ அமெரிக்கா வந்து, பத்து வருடப் பழைய கரோலாவோ சிவிக்கோ வாங்கி ஓட்டுகிற நம்மவர்கள் நிறையப் பேர். டீலரிடம் போனால் கட்டணம் மலைக்க வைக்கும். எனவே சீக்கிரமே பார்ட்ஸ் கடை வாசலில் நிற்பார்கள். அந்தக் கடையில் என்ன கேட்க வேண்டும், என்ன எழுதி வாங்க வேண்டும், லைஃப்டைம் என்ற சொல் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை நான் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

எந்தக் கடைகள்

ஆட்டோசோன், ஓரைலி, அட்வான்ஸ், நாப்பா ஆகிய நான்கில் ஒன்றையாவது ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். நாப்பா 1925இல் தொடங்கியது. அட்வான்ஸ் 1932இல் வர்ஜீனியாவிலும், ஓரைலி 1957இல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டிலும் தொடங்கின. ஆட்டோசோன் 1979இல் ஆர்க்கன்சாவில் ஒரு சிறு ஊரில் வேறு பெயரில் பிறந்தது. இவை எல்லாமே சொந்தப் பெயரிலும் பாகங்கள் விற்கின்றன. ஆட்டோசோனில் டியூராலாஸ்ட், ஓரைலியில் பிரேக்பெஸ்ட், சூப்பர் ஸ்டார்ட், அட்வான்ஸில் கார்குவெஸ்ட், டைஹார்டு என்று பெட்டியில் போட்டிருக்கும். லைஃப்டைம் வாரண்டி பெரும்பாலும் இந்தச் சொந்தப் பெயர்ப் பாகங்களுக்குத்தான் வரும்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பார்ட்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே ஒன்று புதிதாக இருக்கும். எலெக்ட்ரிக்கல் சாமானை ஒருமுறை வாங்கிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பது அங்கே பழக்கம். இங்கே திருப்பிக் கொண்டுபோவது அன்றாடம் நடப்பது, அதற்குத் தயங்கவே வேண்டாம். என்ன, திருப்பித் தருவதற்கென்று சில விதிகள் உண்டு. அவற்றை வாங்கும் அன்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

வண்டியின் வருடம், மாடல், எஞ்சின் அளவு மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2.4 லிட்டர் நாலு சிலிண்டரா, 3.0 லிட்டர் ஆறு சிலிண்டரா என்று தெரியாமல் போனால் தவறான பாகத்தோடு திரும்புவீர்கள். எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட விஐஎன் (வண்டியின் அடையாள எண்) எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியின் கீழே, ஓட்டுநர் பக்கம் எட்டிப் பார்த்தால் தெரியும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டி தயாரான மாதம் அதில் இருக்கிறது. ஒரே மாடலில் வருடத்தின் நடுவே பாகத்தை மாற்றிவிடுவது கம்பெனிகளின் வழக்கம், அப்போது இந்த மாதம்தான் கைகொடுக்கும்.

பழைய பாகத்தைக் கழற்றிவிட்டிருந்தால் அதைக் கையோடு எடுத்துப் போங்கள். ஏன் என்பதைக் கோர் சார்ஜ் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்ததும், இன்ன பாகம்தான் போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாப் பெட்ரோல் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பிளக் இருக்கிறது. அதில் கருவியை மாட்டினால் பழுதின் குறியீடு வரும். பல கிளைகளில் இதை இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் குறியீடு தெரிந்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆக்சிஜன் சென்சார் குறியீடு வந்தால் சென்சாரும் போயிருக்கலாம், வயரும் போயிருக்கலாம், புகைக்குழாயில் ஓட்டையும் இருக்கலாம். எலெக்ட்ரிக்கல் பாகத்தை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, பழுது அதில் இல்லை என்று திருப்பித் தர முடியாது. வாரண்டி என்பது பழுதான பாகத்துக்குத்தான்.

யாருடைய லைஃப்?

அமெரிக்காவில் 1975இல் மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் வந்தது. எழுத்தில் வாரண்டி தந்தால் அது முழு வாரண்டியா, வரம்புள்ள வாரண்டியா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்று அது விதிக்கிறது. பார்ட்ஸ் கடையின் லைஃப்டைம் வாரண்டியை எடுத்துப் பார்த்தால் 'லிமிடெட் லைஃப்டைம்' என்று இருக்கும். அந்த லிமிடெட் என்ற சொல்லுக்குள்தான் எல்லா நிபந்தனைகளும் அடங்கியிருக்கின்றன. லைஃப்டைம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் யாருடைய ஆயுள், எதனுடைய ஆயுள் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டு விதியும் உண்டு.

நடைமுறையில் அது உங்கள் ஆயுளும் இல்லை, பாகத்தின் ஆயுளும் இல்லை. நீங்கள் அந்தக் காரை வைத்திருக்கும் காலம், அவ்வளவுதான். வாங்கியவருக்கு மட்டும், வாங்கிய அந்த ஒரு காருக்கு மட்டும் செல்லும். காரை விற்றால் வாரண்டி முடிந்தது. தம்பிக்குக் கொடுத்தாலும் முடிந்தது. டெலிவரி, டாக்ஸி போன்ற தொழிலுக்கு ஓட்டினால் பெரும்பாலும் செல்லாது. விபத்தில் உடைந்ததற்கும், தவறாக மாட்டியதால் கெட்டதற்கும் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைக் கூலியும், இழுத்துவந்த செலவும், அந்தப் பாகம் போனதால் கெட்ட வேறு பாகங்களும் அதில் சேராது.

இவை எதுவும் கடைக்காரர் மறைக்கும் இரகசியம் இல்லை. 15 டாலருக்கு மேற்பட்ட பொருளுக்கு எழுத்து வாரண்டி இருந்தால், வாங்கும் முன்பே படித்துப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். கேட்டால் அச்செடுத்துக் கொடுப்பார்கள், அல்லது திரையைத் திருப்பிக் காட்டுவார்கள். வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறார்களே என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கவுன்ட்டரில்

வருடமும் மாடலும் சொன்னதும், ஒரே பாகத்துக்கு மூன்று நான்கு விலைகள் திரையில் வரும். ஆல்டர்னேட்டர் என்றால் ஒன்றுக்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ வாரண்டி, இன்னொன்றுக்கு லைஃப்டைம், மூன்றாவதாகப் புத்தம்புதிது என்று வேறுபடும். இங்கே முதலில் கேட்க வேண்டியது: 'இது புதியதா, ரீமேனுஃபேக்சர்டா?'

ரீமேன் என்றால் பழைய ஆல்டர்னேட்டரின் உடம்பை எடுத்து, சுத்தம் செய்து, தேய்ந்த பிரஷ், பேரிங், ரெகுலேட்டரை மாற்றித் திரும்பப் பெட்டியில் போட்டது. நல்ல இடத்தில் செய்தால் புதியதுபோல உழைக்கும். அரைகுறையாகச் செய்தால் என் காம்ரிக்கு நேர்ந்ததுதான் நேரும். வாரண்டி நீளமாக இருந்தால் பாகம் உறுதியாக இருக்கும் என்று நினைப்பது நம் எல்லோருக்கும் இயல்பு, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் லைஃப்டைம் என்பது விலையோடு சேர்த்து விற்கும் ஒரு வாக்குறுதி மட்டுமே. காரை விற்றுவிடுபவர்களும், வாங்கியதையே மறந்துவிடுபவர்களும் திரும்பி வருவதில்லை என்பது கடைக்குத் தெரியும். வருகிறவர்களுக்கும் பாகத்தை மட்டும் தந்தால் போதும். பாகத்தின் தரத்தைத் தெரிந்துகொள்ள, யார் தயாரித்தது என்று கேளுங்கள். டொயோட்டாவின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் டென்சோ செய்தது, தண்ணீர் பம்பு ஐசின் செய்தது. அதே கம்பெனியின் பாகம் டீலருக்கு வெளியிலும் கிடைக்கும்.

அடுத்து கோர் சார்ஜ். 165 டாலர் பாகத்துக்கு ரசீதில் இன்னொரு 40, 50 டாலர் கூடுதலாகத் தெரியும். ஏமாற்றுகிறார்கள் என்று பதற வேண்டாம். பழைய பாகத்தைத் திருப்பித் தரும்வரை அது முன்பணம். அந்தப் பழைய உடம்பை வைத்துத்தான் அடுத்த ரீமேன் பாகம் செய்கிறார்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், பிரேக் காலிப்பர், பேட்டரி எல்லாவற்றுக்கும் இது உண்டு, பேட்டரிக்கு 22 டாலர் அளவில் இருக்கும். பழையதை அன்றே கொண்டுபோனால் அந்தப் பணத்தைக் கட்டவே வேண்டாம். பிறகு தருவதானால் புதியது வந்த பெட்டியிலேயே பழையதை வைத்து, ரசீதோடு தர வேண்டும். வேலை செய்த மெக்கானிக்கிடமே பழைய பாகத்தை விட்டுவிட்டு வரும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 50 டாலர் போனது போனதுதான்.

மூன்றாவது, பணம் கட்டும்போது தொலைபேசி எண் கேட்பார்கள். விளம்பரத்துக்குத்தானே என்று மறுக்காதீர்கள், இந்த ஒரு இடத்தில் கொடுத்துவிடுங்கள். வாரண்டி அந்த எண்ணின் கீழ்தான் பதிவாகிறது. ரசீது தொலைந்தாலும், வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும், அதே கம்பெனியின் எந்தக் கிளையிலும் எண்ணைச் சொல்லி எடுக்கலாம். மாற்ற வாய்ப்பில்லாத எண்ணைக் கொடுங்கள். வீட்டில் கணவன், மனைவி இருவரும் ஆளுக்கொரு எண் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து எது என்று தேட வேண்டாம். எந்தக் காருக்கு வாங்கினீர்கள் என்பதும் கணினியில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ரசீதை அன்றே போட்டோ எடுங்கள். அந்தத் தாளில் எழுத்து வெயில்பட்டே வெளுத்துவிடும். டாஷ்போர்டில் வைத்தால் ஒரு கோடையைக்கூடத் தாங்காது.

மெக்கானிக் வாங்கித் தந்தால்

புதியவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. பாகத்தை மெக்கானிக்கே வரவழைத்தால், வாங்கியவர் அவர்தான். வாரண்டி அவருடைய வணிகக் கணக்கில் இருக்கும், காலமும் நிபந்தனையும் வேறாக இருக்கும். நீங்கள் நேராகக் கடைக்குப் போனால் உங்கள் பெயரில் ஒன்றும் இருக்காது.

பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுத்தால் லைஃப்டைம் உங்களுக்கு வரும். ஆனால் அப்போது மெக்கானிக் தன் வேலைக்குப் பொறுப்பேற்க மாட்டார். 'நீ கொண்டுவந்த பாகம் கெட்டால் மறுபடியும் கூலி' என்பார், அது நியாயமும்கூட. அவரே பாகம் போட்டால் விலை கொஞ்சம் கூடும், ஆனால் பாகமும் கூலியும் சேர்ந்த வாரண்டி கிடைக்கும். நாப்பா ஆட்டோகேர் பலகை வைத்த பட்டறைகளில் 24 மாதம் அல்லது 24,000 மைல் என்று இரண்டும் சேர்ந்த வாரண்டி பல காலமாக உண்டு, நாட்டின் வேறு ஊரில் நின்றுவிட்டாலும் செல்லும்.

கையில் ஸ்பேனர் பிடிக்காதவருக்கு, கூலியும் சேர்ந்த இரண்டு வருடம் கூலி இல்லாத லைஃப்டைமைவிட மேல். இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

எதற்கு லைஃப்டைம் வாங்கலாம்

ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை மறுபடியும் மாற்ற எவ்வளவு நேரம், யாருடைய உழைப்பு?

நீங்களே அரை மணியில், ஒரு மணியில் மாற்றக்கூடியது என்றால் லைஃப்டைம் நல்ல பேரம். பிரேக் பேட் அதற்குச் சிறந்த உதாரணம். சில கடைகளில் சில ரகப் பேடுகளுக்கு லைஃப்டைம் என்பது தேய்மானத்தையும் சேர்த்தது. தேய்ந்த பேடுகளைக் கொண்டுபோனால் புது செட் தருவார்கள். சில இடங்களில் உற்பத்திக் குறைக்கு மட்டும்தான். 'தேய்ந்துபோனாலும் மாற்றித் தருவீர்களா?' என்று நேராகக் கேட்டு, எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். பேட் தேய்ந்து அதன் இரும்பு உரசும்வரை ஓட்டினால் ரோட்டர் (பேட் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தட்டு) கெட்டுவிடும், அதைக் கடை ஏற்காது. பேடில் 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே போய்விடுங்கள்.

எட்டாத இடத்தில் இருப்பது என்றால் லைஃப்டைமைப் பார்க்காதீர்கள். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்பு, டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் பம்பு, அழுத்தி ஏற்ற வேண்டிய வீல் பேரிங், இவற்றுக்கெல்லாம் பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகமாகலாம். டைமிங் பெல்ட்டின் பின்னால் உள்ள பம்பு கசிந்தால் பெல்ட்டையும் திரும்பக் கழற்ற வேண்டும். அங்கே ஒரு வருட வாரண்டியோடு வரும் அசல் தரப் பாகமே போதும். காம்ரிக்கு நான்காவதாக டென்சோ ஆல்டர்னேட்டர் வாங்கினேன். லைஃப்டைம் கிடையாது, விலையும் கூடுதல். காரை விற்கும்வரை அதைத் தொடவே இல்லை.

பேட்டரிக்கு லைஃப்டைம் என்று எதுவும் தேட வேண்டாம். ரகத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று வருடம் இலவச மாற்று என்பதுதான் வழக்கம். ஒரு நுணுக்கம் உண்டு: இரண்டாம் வருடத்தில் மாற்றித் தந்தால் பெரும்பாலும் காலம் புதிதாகத் தொடங்காது, முதலில் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். வாங்கும்போது மேலே உள்ள தேதி ஸ்டிக்கரைப் பாருங்கள். 4/25 என்றோ, மாதத்துக்கு ஒரு எழுத்தும் வருடத்துக்கு ஓர் எண்ணும் சேர்த்தோ இருக்கும். அலமாரியிலேயே ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததை எடுக்காதீர்கள், வேறு கேளுங்கள். மாட்டக் கடினமாக இல்லாத வண்டி என்றால் கடை ஆட்களே வாசலில் இலவசமாக மாட்டியும் தருவார்கள்.

கெட்டுப்போன பிறகு

முடிந்தால் பாகம் வண்டியில் இருக்கும்போதே கடைக்கு ஓட்டிப் போங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மூன்றையும் வண்டியிலேயே வைத்துச் சோதிப்பார்கள். வீட்டில் பதினைந்து டாலர் மல்டிமீட்டர் இருந்தால் நீங்களும் பார்க்கலாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். ஓடும்போதும் 12.2இல் நின்றால் சார்ஜ் ஏறவில்லை. அப்போதுகூட ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்லும் முன் பெல்ட், ஃபியூஸ், பேட்டரி முனையில் படிந்த வெள்ளைத் தூள் இவற்றைப் பாருங்கள். நல்ல ஆல்டர்னேட்டரை வீணாகக் கழற்றியவர்கள் ஏராளம்.

கழற்றிக் கொண்டுபோனால் மேசையில் உள்ள இயந்திரத்தில் மாட்டிச் சுற்றவிடுவார்கள். பச்சை விளக்கு வந்தால் பாகம் நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தந்துவிடுவார்கள். என் இரண்டாவது ஆல்டர்னேட்டர் அப்படித்தான் இரண்டு முறை தேறியது. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், அரை மணி ஓடிச் சூடானதும் கைவிடும். மூன்றாம் முறை, 'தயவுசெய்து அடுத்தடுத்து ஐந்து முறை ஓட்டிப் பாருங்கள்' என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் முகம் சுளிக்காமல் செய்தார். நான்காவது ஓட்டத்தில் திரையில் சிவப்பு வந்தது. இரண்டு பேருமே சந்தோஷப்பட்டோம்.

மாற்றுப் பாகம் கைக்கு வந்ததும் பெட்டியோடு ஓடிவிடாதீர்கள். அங்கேயே பெட்டியைத் திறந்து பழையதன் பக்கத்தில் வையுங்கள். போல்ட் துளை, பிளக்கின் வடிவம், பெல்ட் ஓடும் சக்கரத்தின் பள்ளங்கள் எத்தனை என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிறகு புதியதையும் அதே இயந்திரத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியிலேயே பழுதாக வருவது உண்டு. கடையில் ஐந்து நிமிடம் நின்றால் வீட்டில் ஒரு மாலை மிஞ்சும். புது ரசீதில் வாரண்டி மாற்று என்று பதிவாகியிருக்கிறதா, லைஃப்டைம் தொடர்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒரே பாகம் இரண்டாம் முறை கெட்டால், மூன்றாவதாக அதையே வாங்காமல், கொடுத்த பணத்தை வரவு வைத்து மேல் ரகத்துக்கு மாற முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். ஊழியருக்கு அந்த அதிகாரம் இருக்காது, மேலாளருக்குப் பெரும்பாலும் இருக்கும். நான் மூன்றாம் முறைதான் கேட்டேன், உடனே ஒப்புக்கொண்டார். பணமாகத் திரும்ப வாங்கினால் லைஃப்டைம் அத்தோடு முடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எழுதித் தந்த வாரண்டியையே மறுத்தால் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு, அதற்கும் பலன் இல்லை என்றால் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கு எழுதலாம்.

கார் இன்னும் கம்பெனி வாரண்டியில் இருக்கிறது, வெளிப் பாகம் போட்டால் அது போய்விடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அதே 1975 சட்டம் இதற்கும் பாதுகாப்பு. வெளிப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்டாமல், வெளிப் பாகம் போட்டீர்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது.

கருவி இரவல்

நீங்களே வேலையில் இறங்க நினைத்தால் கருவி வாங்க வேண்டியதில்லை. காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளும் கருவி, டார்க் ரெஞ்ச், பால் ஜாயின்ட் அழுத்தி எல்லாவற்றையும் முழு விலையை முன்பணமாகக் கட்டி எடுத்துப்போய், திருப்பித் தந்ததும் முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். ஆட்டோசோனில் 90 நாள் வரை வைத்திருக்கலாம். எடுக்கும்போதே பெட்டியைத் திறந்து உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், குறைந்தால் உங்கள் தலையில் விழும். வடித்த எஞ்சின் ஆயிலையும் பல கிளைகளில் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

ரசீதுகளின் நகல்களை ஒரு உறையில் போட்டு, எந்தத் தேதியில், எத்தனை மைலில் மாட்டியது என்று பின்பக்கம் எழுதி வைத்திருங்கள். காரை விற்ற அன்று அந்த உறையையும் வாங்கியவரிடம் கொடுத்தேன். இந்த வாரண்டி எதுவும் உங்களுக்குச் செல்லாது என்று முதலிலேயே சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஆல்டர்னேட்டர் ரசீதில் டென்சோ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அதற்குமேல் விலையில் பேரம் பேசவில்லை.